ஊராட்சி மன்றமும் பல இன மக்களும்

கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு சர்க்கார் மூன்று படிகளில் நிற்கிறது. மேற்படியில் மத்திய சர்க்கார். வருமான வரிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அங்கே போகிறோம். நடுப்படியில் மாநில சர்க்கார். நிலமும் மார்க்க விவகாரங்களும் அதன் பொறுப்பு. கீழ்ப்படியில் இருப்பது ஊராட்சி மன்றம். கீழ்ப்படி என்பது பெயரளவில்தான். காலையில் கடைக்கதவைத் திறந்ததிலிருந்து இரவு பூட்டுப் போடும்வரை நம்மைத் தொட்டுக்கொண்டிருப்பது அதுவே. லைசென்ஸ் அதனுடையது, பெயர்ப்பலகைக்கு அனுமதி தருவதும் அதுவே, குப்பை, சாக்கடை, அஞ்சடி, சாமான் இறக்க லோரி நிற்கும் இடம் யாவும் அதன் கையில். அப்படியிருந்தும் நம் வர்த்தகர்களில் பெரும்பாலோர், பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பதை நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். தம் ஊராட்சி மன்றத்தில் எத்தனை அங்கத்தினர், அவர்கள் எவ்விதம் அங்கே வந்தார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஆகவே இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம். கேள்வி இதுதான்: மலாய்க்காரர், சீனர், இந்தியர், அவர்களுக்குள்ளும் பல மொழியினர், பல மார்க்கத்தினர் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் ஊரில், ஊராட்சியை எப்படி அமைத்தால் யாரும் விடுபடாமல் இருப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பினாங்கைப்போல் பாடம் சொல்லும் ஊர் வேறில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே செய்து பார்க்காத ஏற்பாடே இல்லை எனலாம்.

கப்பித்தான் காலம்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிக் கம்பெனிக் கொடியை ஏற்றினார். வந்து குடியேறிய ஒவ்வோர் இனத்தாருக்கும் அவரவர் தலைவர் ஒருவரைக் கப்பித்தானாக ஏற்றுக்கொள்வது அக்கால வழக்கம். சீனர்களுக்குக் கோ லே ஹுவான் கப்பித்தானானார். நம்மவர்களுக்குக் காதர் மைதீன் அவர்கள். 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவருடைய பதவிப் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. அதை மறைக்கக் கூடாது. வழக்கோ குறையோ உள்ளவன் தன் மொழியில் பேசலாம். தன் பழக்கவழக்கம் தெரிந்தவரிடம் பேசலாம். ஆனால் கப்பித்தான் நல்லவராக இருந்தால் வாசலாக இருப்பார். இல்லாவிட்டால் சுவராக நிற்பார். அவரைத் தாண்டிப் போக எளியவனுக்கு வழியில்லை. இன்னொன்று, மூன்று இனத்தாரும் சேர்ந்து வாழும் தெருவின் சாக்கடையை எந்தக் கப்பித்தான் வாருவது? மனிதர்களை இனவாரியாகப் பிரிக்கலாம்; மழைத் தண்ணீரை அப்படிப் பிரிக்க முடியாது.

அதனால்தான் 1800இல் ஜார்ஜ் டவுனில் மதிப்பீட்டாளர் குழு ஒன்றை அமைக்க வேண்டி வந்தது. மலாயாவின் முதல் ஊராட்சி அமைப்பு அது. வீடுகளையும் கடைகளையும் மதிப்பிட்டு வரி விதிப்பதும், அப்பணத்தில் ரோடும் கால்வாயும் போடுவதும் அதன் வேலை. ஊராட்சி என்பதே நம் கடைவாசலில் வாங்கிய வரியில் பிறந்த பிள்ளை என்பதை வணிகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் 1807ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி நீதிமன்றம் வந்தது. கப்பித்தான்மாரின் தீர்ப்பு அதிகாரம் படிப்படியாகத் தேய்ந்தது. 1857இல் முனிசிபல் கமிஷன் ஏற்பட்டது. வரி செலுத்துவோர் சில கமிஷனர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அப்போது இருந்தது. சொத்துள்ள சிலருக்கு மட்டுமே கிடைத்த உரிமை அது. அதுவும் 1913இல் போயிற்று. அதன்பின் கவர்னர் நியமிப்பவரே கமிஷனர்.

வக்ஃபு நிலம் தந்த பாடம்

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் சமூகத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குக் கம்பெனி கொடுத்த நிலம், பட்டணத்தின் நடுவில் இருந்தது. நூறு ஆண்டுகளில் அந்நிலத்தில் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்தன. வாடகைக் கணக்கு ஒழுங்காக இல்லை, நிர்வாகம் சரியில்லை என்ற புகார்கள் எழுந்தன. முடிவில் 1905இல் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. முகம்மதிய, இந்து தர்ம சொத்துக்களுக்கென ஒரே போர்டு அமைக்க அச்சட்டம் வகை செய்தது. பள்ளிவாசலும் கோயிலும் ஒரே மேசையில் கணக்குக் காட்டின. போர்டு அங்கத்தினர்களை நியமித்தது சர்க்கார். பள்ளியைச் சுற்றியிருந்த பழைய குடியிருப்பு அகற்றப்பட்டது. அந்நிலத்தின் ஊடே பக்கிங்காம் தெரு வந்தது. கடைவீடுகள் வரிசையாக எழுந்தன. இன்று நாம் காணும் அகன்ற வெளியும் அழகும் அந்தச் சீரமைப்பின் பலன்.

இதில் லாபம் எது, நஷ்டம் எது? கணக்கு ஒழுங்காயிற்று, வாடகை வசூலாயிற்று, சுகாதாரம் வந்தது. இவை லாபம். அங்கே பரம்பரையாகக் குடியிருந்த ஏழைகள் இடம்பெயர்ந்தார்கள். ஜமாஅத்தின் பேச்சுக்கு இருந்த மதிப்புக் குறைந்தது. இவை நஷ்டம். ஒரு சமூகம் தன் பொதுச் சொத்தைத் தானே ஒழுங்காக நிர்வகிக்கவில்லையானால், வெளியார் வந்து ஒழுங்குபடுத்துவார்கள். வந்தவர்கள் ஒழுங்கோடு அதிகாரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். ஊராட்சியைச் சீரமைக்கிறோம் என்று யார் சொன்னாலும், என்ன கிடைக்கிறது என்பதோடு யார் பேச்சு குறைகிறது என்பதையும் கேட்டுப் பழக வேண்டும். பின்வரும் ஒவ்வொரு சீரமைப்பையும் இந்தத் தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம்.

ஓட்டுப் பெட்டி வந்த காலம்

1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நடந்த முனிசிபல் தேர்தல்தான் மலாயாவின் முதல் தேர்தல். நாடு சுதந்தரம் அடைய இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. பதினைந்து இடங்களில் ஒன்பதுக்கு மட்டும் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என மூன்று வட்டாரங்கள். வட்டாரத்துக்கு மூன்று பேர். ராடிக்கல் கட்சி ஆறு இடங்களைப் பிடித்தது. சில ஆண்டுகளில் எல்லா இடங்களும் தேர்தலுக்கு வந்தன. 1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. மலாயா கூட்டரசின் முதல் மாநகரம் அதுவே. அதன் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன்.

சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊரில் இந்தியர் ஒருவர் முதல் மேயர் ஆனார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு இனத்தின் பேரில் ஒதுக்கிய நாற்காலி எதுவும் இருக்கவில்லை. தொழிற்கட்சியின் பேரில் வந்தார். அக்கட்சி எல்லா இனத்தாரிடமும் ஓட்டுக் கேட்டது.

அந்த மாநகரசபை சும்மா இருக்கவில்லை. மின்சாரம், தண்ணீர், பஸ் ஓட்டம் அனைத்தும் அதன் நிர்வாகத்தில் நடந்தன. ஜார்ஜ் டவுனுக்கு 1904லேயே மின்சாரம் வந்துவிட்டது. 1925 முதல் 1961 வரை டிராலி பஸ்கள் ஓடின. நாட்டின் ஊராட்சி மன்றங்களிலேயே வசதியான மன்றம் என்ற பெயர் அதற்கு உண்டு. மின்சாரக் கட்டணத்தின் லாபம் ஊருக்கே திரும்பியது. இன்று மன்றங்களிடம் அந்த வருமானம் இல்லை. பெரும்பங்கு நம் மதிப்பீட்டு வரியில்தான் ஓடுகிறது. வரி ஏறும்போதெல்லாம் முணுமுணுக்கும் நாம் இந்தக் கணக்கையும் அறிந்திருப்பது நல்லது.

இனி ஒரு சிறு கணக்கு. நம்மைப்போல் எல்லாத் தெருவிலும் இருந்து எந்தத் தெருவிலும் பெரும்பான்மை இல்லாத சமூகத்துக்கு இது முக்கியம். ஒரு வட்டாரத்தில் 1,000 ஓட்டுகள் விழுகின்றன, ஒரே ஓர் இடம், இரண்டு வேட்பாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெற்றி நிச்சயம் என்று சொல்ல 501 ஓட்டு வேண்டும். 250 பேர் உள்ள சமூகம் அங்கே கையேந்திதான் நிற்கும். அதே வட்டாரத்துக்கு மூன்று இடங்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால் 251 ஓட்டு வாங்கியவரைத் தோற்கடிக்க யாராலும் முடியாது. ஏனெனில் நான்கு பேர் தலைக்கு 251 வாங்க 1,004 ஓட்டுகள் வேண்டும். ஆனால் மூன்று இடங்களுக்கு ஆளுக்கு மூன்று ஓட்டு என்று விதித்துவிட்டால், 501 பேர் ஒன்றாக நின்று மூன்றையும் அள்ளிக்கொண்டு போகலாம். வட்டாரமும் மாறவில்லை, மக்களும் மாறவில்லை. விதி ஒன்று மாறியது, முடிவு தலைகீழாயிற்று. தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்று சத்தமிடுவோர் இந்த இடத்துக்கு வருவதேயில்லை.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவின் எதிர்ப்பு நடவடிக்கை உச்சத்தில் இருந்தபோது, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிலைமை சரியானதும் தேர்தல் திரும்பும் என்று துங்கு அவர்கள் வாக்களித்தார். அடுத்த ஆண்டே, முறைகேட்டுப் புகார்களின் பேரில், ஜார்ஜ் டவுன் மாநகரசபையின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சர் கைக்குப் போயின. தேர்தல் திரும்பவில்லை.

சிங்கப்பூரின் பாதை வேறு. அங்கே 1957இல் மாநகரசபை முழுவதும் தேர்தல் மூலம் அமைந்தது. 1959இல் அதை மத்திய சர்க்காரே விழுங்கிவிட்டது. பின்னர் 1988இல் குழுத் தொகுதி முறை வந்தது. குழுவில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்று சட்டம். பேட்டைகளைப் பராமரிக்கும் நகர மன்றங்களைப் பாராளுமன்ற அங்கத்தினர்களே நடத்துகிறார்கள். இடம் நிச்சயம், ஆனால் அந்த இடம் கட்சியின் குழுவோடு கட்டப்பட்டது. ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆதி நாகப்பன் கமிஷனும் 1976ஆம் ஆண்டுச் சட்டமும்

1965லேயே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஓர் அரச விசாரணைக் கமிஷன் அமைந்தது. நாடெங்கும் சுற்றி விசாரித்து 1968இல் அறிக்கை கொடுத்தது. அறிக்கை வெளியுலகுக்கு வந்ததோ 1971இல். தேர்தல் மூலம் வரும் மன்றங்களே வேண்டும் என்பது கமிஷனின் முடிவு. அதைச் சர்க்கார் ஏற்கவில்லை. மன்றங்கள் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கின்றன, ஒன்று சேர்க்க வேண்டும் என்பது மட்டும் காரியமாயிற்று.

சிதறிக் கிடந்தது உண்மைதான். மேற்கு மலேசியாவில் அப்போது 374 ஊராட்சி அமைப்புகள் இருந்தன. அவற்றில் 289 சிறு கிராம மன்றங்கள். ஒரு லோரிகூட வாங்க வக்கில்லாத மன்றங்கள் ஏராளம். பினாங்குத் தீவில் மாநகரசபையும் புறநகர் மன்றமும் ஒன்றாயின. அக்கரையில் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் நகர மன்றங்களும் வடக்கு, மத்திய, தெற்கு மாவட்ட மன்றங்களும் சேர்ந்து செபராங் பிறை நகராண்மைக் கழகமாயின. ஏழு இருந்த இடத்தில் இரண்டு. தீவுக்கு 2015இலும் செபராங் பிறைக்கு 2019இலும் மாநகரப் பதவி கிடைத்தது.

நம் தராசில் வைப்போம். பட்டணத்துப் பணம் கம்பத்துக்கும் தோட்டப்புறத்துக்கும் போயிற்று. விளக்கும் குப்பை வண்டியும் அங்கே எட்டின. பல இன மக்களுக்கும் இது நியாயமான லாபம். பட்டணத்தில் நாமும் சீனரும் கடை வைத்திருந்தோம், கம்பத்தில் மலாய்க்காரரும் தோட்டத்தில் நம் தமிழரும் இருட்டில் இருந்தார்கள். மறுதட்டில், மன்றம் தூரமாயிற்று. நிபோங் திபாலில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் முன்பு அடுத்த தெருவில் இருந்த மன்ற அங்கத்தினரைச் சந்தித்துப் பேசினார். இப்போது ஒரு மாவட்டத்தையே ஆளும் பெரிய அலுவலகத்தின் கவுண்டரில் எண் வாங்கி உட்கார வேண்டும். சேர்த்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. சேர்த்தபின் கீழே கிளைகள் விட மறந்தார்கள் என்கிறோம்.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் 15ஆம் பிரிவில் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 10ஆம் பிரிவின்படி மன்றத்தில் தலைவரோடு 8 முதல் 24 அங்கத்தினர் வரை இருப்பார்கள். மாநில சர்க்கார் அவர்களை நியமிக்கும். யாரை? அவர்களில் பெரும்பாலோராவது அவ்வட்டாரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஊராட்சியில் அனுபவம் உள்ளவர், தொழிலிலோ வியாபாரத்திலோ சிறந்தவர், அல்லது தம் சமூகங்களின் நலன்களை எடுத்துரைக்க வல்லவர் என்று சட்டம் தகுதி சொல்கிறது. சமூகங்கள் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. நம் வர்த்தகர்கள் இதை அறிய வேண்டும். நடைமுறையில் ஆளும் கட்சிகள் தமக்குள் பங்கு போட்டுக்கொள்ளும் பெயர்ப் பட்டியலாக அது ஆகிவிட்டது. கட்சி மாறினால் பட்டியல் மாறும், முறை மாறுவதில்லை. 2008க்குப் பிறகு பினாங்கில் பொது இயக்கங்களுக்கும் சில இடங்கள் கொடுத்தார்கள், நல்ல காரியம்தான். 2012இல் பினாங்கு சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலை மீட்க ஒரு சட்டமே இயற்றியது. கூட்டரசு நீதிமன்றம் 2014இல் அதை ஏற்க மறுத்தது; பாராளுமன்றச் சட்டம் தடுத்ததை மாநிலம் தனித்துத் திறக்க முடியாது.

தேர்தல் வந்தால் பட்டணங்களில் ஓர் இனத்தார் கை ஓங்கிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. இதைக் கேலி செய்வது சரியல்ல. சிறுபான்மையாகிய நமக்கே அந்த அச்சத்தில் பங்கு இருக்கிறது. ஆனால் முன்னே சொன்ன 251 கணக்கு அதற்கு மறுமொழி. பெரிய வட்டாரம், வட்டாரத்துக்கு மூன்று இடங்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு. அதற்கு மேல் மலாய்க் கம்பங்களும் சிறிய சமூகங்களும் விடுபடாதபடி சில நியமன இடங்கள். இப்படிக் கலந்து அமைத்தால் எந்த இனமும் மன்றத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு போக முடியாது என்பது நம் அபிப்பிராயம். இனத்துக்கு இத்தனை நாற்காலி என்று எண்ணிப் போடுவதை நாம் விரும்பவில்லை. அது கப்பித்தான் காலத்துக்குத் திரும்புவதாகும். அந்த நாற்காலியில் உட்காருபவர் மறுபடியும் வாசலா சுவரா என்று நாம் காத்திருக்க வேண்டி வரும்.

இப்போதே கையில் இருப்பவை

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. இன்றைய சட்டத்திலேயே நாம் எடுத்துப் பயன்படுத்தாத உரிமைகள் பல கிடக்கின்றன.

மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு மூடினாலொழிய யாரும் போய் உட்காரலாம் என்கிறது 23ஆம் பிரிவு. நம் சங்கங்களிலிருந்து முறைவைத்து ஒருவர் போய்வந்தால் என்ன செலவு?

மதிப்பீட்டு வரியைப் பார்ப்போம். மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். மாநில சர்க்கார் தவணை நீட்டிக்கலாம். ஆண்டு வாடகை மதிப்பில் நூற்றுக்கு 35க்கு மேல் வரி போகக் கூடாது. புதிய பட்டியல் வந்தால் அறிவித்து, குறைந்தது 42 நாள் கழித்தே பரிசீலிக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் பரிசீலனை நாளுக்கு 14 நாள் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் உயர்நீதிமன்றம் போகலாம். மலாயில் வந்த கடிதம் என்று கல்லாப்பெட்டிக்கு அடியில் போட்டுவைத்துவிட்டு, தவணை கடந்தபின் முறையிட ஓடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கடிதம் கைக்கு வந்த அன்றே உறையின்மேல் தேதியை எழுதிவையுங்கள். மலாய் படித்த பிள்ளைகள் இல்லாத வீடு இன்று நம்மில் இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு 134ஆம் பிரிவு. வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் இடத்துக்கும், அனுமதி பெற்ற மையவாடிக்கும், லாபநோக்கமில்லாத தர்ம ஸ்தாபனத்துக்கும் மாநில சர்க்கார் வரி விலக்கு அளிக்கலாம். அளிக்கலாம் என்றுதான் இருக்கிறது. தானாக வந்துவிடும் என்றிருக்கலாகாது, எழுதிக் கேட்க வேண்டும். பள்ளியின் வக்ஃபுக் கடை வாடகைக்குப் போயிருந்தால் அந்தக் கடைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் இதே சட்டந்தான். பக்கத்துத் தெருக் கோயில் நிர்வாகிகளோடு சேர்ந்து மனுப் போட்டால் மன்றத்தில் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அஞ்சடிச் சண்டை மிகப் பழையது. சிங்கப்பூரில் 1822லேயே ராபிள்ஸ் கடைமுன் வராந்தா எல்லோரும் நடக்கத் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். 1888இல் முனிசிபாலிட்டி அதைக் கண்டிப்பாக அமல்படுத்தப் போய்க் கலகமே மூண்டு கடைகள் அடைபட்டன. வாடிக்கையாளருக்குக் காட்டச் சாக்கு வைக்கும் கடைக்காரருக்கும், மழையில் ஒதுங்கி நடக்கும் கிழவிக்கும் இரண்டடி இடம் எப்படிப் பங்கிடுவது என்பதை லோரியில் வந்து சாமானை அள்ளிப் போகும் அதிகாரியால் தீர்க்க முடியாது. தெருவுக்குத் தெரு கடைக்காரர்களும் குடியிருப்போரும் உட்கார்ந்து ஒரு கோடு போட்டால் தீரும். மன்றத்தின் கிளைக்குழுக்கள் தெருவரை வர வேண்டும் என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாக லைசென்ஸ். நமக்கு உயிர்நாடி இதுதான். 107ஆம் பிரிவைப் படித்தால் தூக்கம் கெடும். மன்றம் கொடுத்த லைசென்ஸை எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல், மன்றமே ரத்துச் செய்யலாம், நஷ்டஈடும் கிடையாது. முப்பது வருஷம் நடத்திய சாப்பாட்டுக் கடையும் இந்த ஒரு வரியின்மேல்தான் நிற்கிறது. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இதே வரிதான். ஆகையால் இதில் வர்த்தகர்கள் எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம். அச்சட்டத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானாலும் பாராளுமன்றம் கூட வேண்டும். ஆனால் ரத்துச் செய்யுமுன் எழுத்தில் காரணம் கொடுப்பதையும், கடைக்காரர் மறுமொழி சொல்ல இரண்டு வாரத் தவணை தருவதையும், முடிவைத் தனி அதிகாரிக்கு விடாமல் குழுவில் வைத்து எடுப்பதையும் ஒரு மாநகர மன்றம் தன் சொந்த நடைமுறையாக நாளைக்கே வைத்துக்கொள்ளலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. நம் வர்த்தக சங்கங்களும் சீன, மலாய் வர்த்தக சங்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, இரண்டு மன்றங்களின் டத்தோ பண்டார்களிடமும் இதைக் கேட்கலாம். மனுவை மலாயில் எழுதி, தமிழிலும் சீனத்திலும் நகல் எடுத்துக் கடைகளில் ஒட்டிவைத்தால் கையெழுத்து வாங்குவது எளிது.